உள்ளே ஒன்று, மேலே ஒன்று

ஐஸ்கிரீம் சாப்பிட்டு முடித்ததும் அந்த மரக்குச்சியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நன்றாகக் கழுவி வெயிலில் காயவையுங்கள். பிறகு அதன்மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வீட்டில் பாலிஷ் போட்ட மேஜை இருந்தால் அதன்மேலும் ஒரு சொட்டு விடுங்கள். அவசரப்படாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டையும் பாருங்கள்.

மேஜைமேல் விட்ட சொட்டு குவிந்து நிற்கும். விரலால் தள்ளினால் அப்படியே நகரும். துணியால் ஒற்றி எடுத்தால் சுவடே தெரியாது. குச்சியின்மேல் விட்ட சொட்டு அப்படி நிற்காது. மெல்ல மெல்லத் தட்டையாகும், குச்சியின் நீளவாக்கில் பரவும், சில நிமிடங்களில் மரத்துக்குள் போய்விடும். அது போன இடம் மட்டும் கருத்துத் தெரியும். முழுக்கக் காய்ந்தபிறகு அந்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். முன்பு வழவழவென்று இருந்த இடம் சொரசொரப்பாகியிருக்கும்.

தண்ணீர் உள்ளே போனது, நிறம் மாறியது, மேற்பரப்பு கரடுமுரடானது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் தினமும் மல்லுக்கட்டுவது இந்த மூன்றோடுதான். அதற்கென்று அவர்கள் வைத்திருக்கும் பூச்சுகளில் இரண்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். ஒன்று சீலர், இன்னொன்று லேக்கர். பெயின்ட் கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரி டப்பாவில் அடுக்கியிருக்கும். மூடியைத் திறந்தால்தான் வேறுபாடு தெரியும். லேக்கர் வெளிறிய தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். சீலர் சற்றுக் கலங்கலாக இருக்கும். அந்தக் கலங்கலுக்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் மரத்துக்குள் போவோம். ஜூஸ் குடிக்கும் உறிஞ்சுகுழல்களை நூற்றுக்கணக்கில் எடுத்து இறுக்கிக் கட்டினால் எப்படி இருக்கும்? ஒரு மரத்துண்டும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. மரம் உயிரோடு இருந்த காலத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய குழாய்கள், பலகையாக அறுத்த பின்பும் உள்ளே அப்படியே இருக்கின்றன. தேக்குத் துண்டு கிடைத்தால் அதன் அறுத்த முனையைப் பாருங்கள். பூதக்கண்ணாடி இல்லாமலே புள்ளி புள்ளியாகத் துளைகள் தெரியும். அவைதாம் அந்தக் குழாய்களின் வாய். பலகையின் முகத்திலோ அதே குழாய்கள் நீளவாக்கில் பிளந்து, மெல்லிய கோடுகளாகத் தெரியும்.

குழாய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு பலமாகத் தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கும். இதை நுண்புழை விசை என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். போதாததற்கு, குழாயின் சுவர் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. செல்லுலோஸுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. சுவருக்குள்ளேயும் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு உப்பும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய உப்புவதே இல்லை. குறுக்கேதான் உப்பும். இழைப்புளி போட்டபோது நசுங்கிப் படுத்திருந்த இழைகள் தண்ணீர் பட்டதும் உப்பி எழுந்து நிற்கும். காய்ந்தபின்னும் படுக்காது. உங்கள் விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிந்தது அந்த இழைகள்தாம்.

இப்படிப்பட்ட மரத்தின்மேல் நேரடியாக லேக்கரைப் பூசினால் என்ன ஆகும்? திரவம் எதுவாக இருந்தாலும் குழாய்கள் குடிக்கும். துளை பெரிதாக இருக்கும் இடத்தில் நிறையக் குடிக்கும், சிறிதாக இருக்கும் இடத்தில் கொஞ்சம். அதனால் ஓர் இடம் பளபளக்கும், பக்கத்து இடம் மங்கிக் கிடக்கும். எழுந்து நிற்கும் இழைகள் எழுந்தபடியே இறுகிப்போகும். இன்னொரு முறை பூசு, மறுபடியும் பூசு என்று டப்பா டப்பாவாகக் காலியாகும். நல்ல மரத்தையும் நல்ல லேக்கரையும் ஒரே நாளில் வீணாக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அதனால்தான் முதலில் சீலர்.

எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் வாசல் கதவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெண் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள். பாலிஷ் போடுகிற அண்ணன் சீலர் பூசி அரை மணி நேரம் ஆகியிருந்தது. கதவு இலேசாக மினுமினுத்தது. அவர் உப்புத்தாளை எடுத்து, ஒரு சின்னக் கட்டையில் சுற்றி, அந்த மினுமினுப்பின்மேல் தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளை வெளேரென்று பொடி உதிர்ந்தது. கதவு மங்கிப்போனது.

“ஏன் அண்ணா, இப்பத்தானே பளபளன்னு வந்துச்சு. அதைப் போய்த் தேய்க்கிறீங்களே?”

“கையை வச்சுப் பாரு பாப்பா” என்று தேய்க்காத இடத்தைக் காட்டினார். தொட்டுப் பார்த்தாள். கண்ணுக்கு மினுமினுப்பாக இருந்த இடம் கைக்கு முள் முள்ளாகக் குத்தியது. “இப்ப இங்க தொடு” என்று தேய்த்த இடத்தைக் காட்டினார். கண்ணாடியைத் தொட்டதுபோல் இருந்ததாக அவள் முகமே சொன்னது.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சீலர் நீர்த்த திரவம். குழாய்களின் வாய்க்குள் இறங்கி அங்கேயே காய்ந்து அவற்றை அடைக்கிறது. மரத்தின் தாகம் அதோடு அடங்கிவிடுகிறது. எழுந்து நிற்கும் இழைகளையும் நனைத்து, நின்ற நிலையிலேயே விறைப்பாக்கிவிடுகிறது. தளர்ந்த இழை உப்புத்தாளுக்கு வளைந்துகொடுத்துத் தப்பிக்கும், விறைத்த இழை அடியோடு முறியும். அவர் தேய்த்தபோது நறுக்கிப்போட்டது அந்த இழை முனைகளைத்தான். கூடவே, மேலே தங்கிய சீலரில் பெரும்பகுதியும் பொடியாகப் போய்விட்டது. போகத்தான் வேண்டும். சீலர் இருக்கவேண்டிய இடம் துளைக்குள்ளே.

உப்புத்தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் 80, 120, 220, 320 என்று ஏதாவது ஓர் எண் அச்சிட்டிருக்கும். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். கரடுமுரடான பலகையை முதலில் தேய்ப்பது 80, 120 போன்ற தாள்களால். சீலர் பூசியபின் 320 போன்ற நைசான தாளால்தான் தேய்ப்பார்கள். அழுத்தவும் மாட்டார்கள். அழுத்தினால் சீலரைத் தாண்டி மறுபடியும் வெறும் மரம் வெளியே வந்துவிடும், செய்த வேலை பாழ்.

அந்த வெள்ளைப் பொடிக்கு வருவோம். சாதாரணப் பூச்சைக் காயவைத்துத் தேய்த்தால், தேய்க்கும் சூட்டில் பிசுபிசுத்து உப்புத்தாளிலேயே அப்பிக்கொள்ளும். நாலு தேய்ப்பில் தாள் மழுங்கிவிடும். இதைத் தவிர்க்கத்தான் சீலரில் ஜிங்க் ஸ்டியரேட் என்ற பொடியைக் கலக்கிறார்கள். துத்தநாகமும் ஸ்டியரிக் அமிலமும் சேர்ந்து உண்டான வழுவழுப்பான பொடி அது. முகப்பவுடர் வகைகளிலும் சேர்ப்பதுண்டு. இது கலந்த பூச்சு, தேய்த்தால் ஒட்டாமல் பொடிப்பொடியாக உதிரும். டப்பாவுக்குள் சீலர் கலங்கலாகத் தெரிந்ததும் இந்தப் பொடியால்தான்.

ஆனால் இதே பொடி சீலரை மென்மையாக்கியும் விடுகிறது. நகத்தால் கீறினாலே கோடு விழும். அதனால் சீலரை மட்டும் பூசிவிட்டு, ‘பளபளப்பு வந்துவிட்டது, போதும்’ என்று நிறுத்தினால் கொஞ்ச நாளிலேயே கதவு கீறல் மயமாகும். சீலரைத் தடிமனாகப் பூசி அதன்மேல் லேக்கர் போடுவதும் தவறு. மெத்தென்ற அடித்தளத்தின்மேல் இறுகிய தகடு நிற்காது, வெடிப்பு விடும். மெல்லியதாகப் பூசு, காயவிடு, தேய்த்து எடு. சீலருக்கு இவ்வளவுதான் முறை.

இனி லேக்கர். இது உள்ளே போக வேண்டிய பூச்சு இல்லை. மேலே ஒரு தகடாக நிற்க வேண்டியது. கீறலையும் தண்ணீரையும் அழுக்குக் கையையும் எதிர்த்து நிற்பது இதுதான். இது எப்படிக் காய்கிறது என்பதை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அக்கா நகத்துக்குப் பூசுகிற நெயில் பாலிஷும் லேக்கர் குடும்பம்தான். இரண்டிலும் முக்கியமான பொருள் நைட்ரோசெல்லுலோஸ்.

செல்லுலோஸ் என்றதும் மரம் நினைவுக்கு வருகிறது அல்லவா? பஞ்சும் கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ்தான். பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் போட்டால் நைட்ரோசெல்லுலோஸ் உண்டாகும். 1846இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஷோன்பைன் இதை உலகுக்கு அறிவித்தார். பார்க்கப் பஞ்சு மாதிரியே இருக்கும், தீ பட்டால் ஒரே நொடியில் பொசுங்கும். நைட்ரஜன் அதிகம் ஏறியதை வெடிமருந்தாக்கினார்கள். குறைவாக ஏறியதைத் திரவங்களில் கரைத்துப் பூச்சாக்கினார்கள். 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம், ‘டூகோ’ என்ற பெயரில் கார்களுக்கான லேக்கரைக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு காருக்கு நல்ல வண்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். இந்த லேக்கர் வந்ததும் அது மணிக்கணக்காகச் சுருங்கியது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் ‘டூகோ பெயின்ட்’ என்று சொல்வதைக் கேட்கலாம்.

இவ்வளவு வேகமாகக் காய எப்படி முடிகிறது? லேக்கர் டப்பாவில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு, பறந்துபோகிற கரைப்பான்கள். மீதிதான் பூச்சாகத் தங்கும் பொருள். பூசியதும் கரைப்பான் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். நைட்ரோசெல்லுலோஸின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படலமாகத் தங்கிவிடும். ஒரு முறை பூசிக் காய்ந்த படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். இதில் வேதிவினை எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். போனது கரைப்பான் மட்டும்தான். அந்தக் கரைப்பானைத் திரும்பக் கொடுத்தால் படலம் திரும்பக் கரைந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்ததும் நகப்பூச்சு கரைந்து வருவது இதனால்தான். அதே ரிமூவர் லேக்கர் போட்ட மேஜையில் சிந்தினால் மேஜைக்கும் அதே கதிதான்.

பாலிஷ்காரருக்கு இந்தக் குணத்தால் பெரிய லாபம் உண்டு. இரண்டாவது முறை லேக்கர் அடிக்கும்போது அதிலுள்ள கரைப்பான் முதல் படலத்தின் மேல்பாகத்தைக் கொஞ்சம் கரைக்கும். இரண்டும் கலந்து ஒரே படலமாகிவிடும். பழைய மேஜையில் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் புது லேக்கரை அடித்து இணைத்துவிடலாம், ஒட்டுப்போட்டது தெரியாது.

நிறம் ஏன் மாறுகிறது? குச்சியில் சொட்டு விட்ட இடம் கருத்தது நினைவிருக்கிறதா? காய்ந்த மரத்தின் மேற்பரப்பில் மரமும் காற்றும் மாறி மாறி ஆயிரக்கணக்கான இடங்களில் சந்திக்கின்றன. காற்றிலிருந்து மரத்துக்குள் ஒளி நுழையும் ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் வெள்ளொளி திரும்பிச் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் மரத்தை வெளிறிப்போனதாகக் காட்டுகிறது. துளையிலும் இழை இடுக்கிலும் தண்ணீர் நிறைந்தால் சிதறல் குறையும். ஒளி ஆழமாகப் போய், மரத்தின் சொந்த நிறத்தை வாங்கிக்கொண்டு திரும்பும். ஒளியை வளைக்கும் திறனுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். காற்றுக்கு அது 1, தண்ணீருக்கு 1.33. லேக்கருக்குச் சுமார் 1.5, செல்லுலோஸுக்கும் ஏறக்குறைய அதேதான். இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் லேக்கர் போட்ட மரத்தில் ரேகைகள் அத்தனை ஆழமாகத் தெரிகின்றன. தண்ணீர் காய்ந்தால் அந்த அழகு போய்விடும், லேக்கர் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பளபளப்பு வேறு விஷயம். மேல்முகம் சமமாக இருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பும், அதையே பளபளப்பு என்கிறோம். அந்தச் சமத்தை உண்டாக்கிக் கொடுத்தது அடியில் இருக்கும் சீலரும் உப்புத்தாளும்தான்.

மழைக்காலத்தில் பாலிஷ்காரர்கள் வேலையைத் தள்ளிப்போடுவதைப் பார்த்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழைக்கு நடுவே லேக்கர் அடித்தால், தெளிவாக இருக்க வேண்டிய பூச்சு பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போகும். ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதே, அதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். வேகமாக ஆவியாகும் திரவம் தான் இருக்கும் இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. லேக்கர் காயும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது அந்தக் குளிர்ந்த பரப்பில் நுண்துளிகளாகப் படிந்து, பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளையாகத் தெரியும். அவசரமாக வேலையை முடித்தே ஆகவேண்டும் என்றால், மெதுவாக ஆவியாகும் தின்னரை, அதாவது லேக்கரை நீர்க்கவைக்கும் கரைப்பானை, கலப்பார்கள். ஆவியாவது மெதுவானால் குளிர்ச்சியும் குறையும்.

இதற்கு நேர் எதிராக, ஈரம் இருந்தால் மட்டுமே காய்கிற ஒரு லேக்கர் உலகத்தில் இருக்கிறது. எனக்கு எல்லாப் பூச்சுகளிலும் அதுதான் அதிசயம். சீனா, ஜப்பான், கொரியா நாடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து அது கிடைக்கிறது. ஜப்பானில் அதை உருஷி என்பார்கள். மரப்பட்டையில் குறுக்கே கீறல் போட்டுச் சொட்டுச் சொட்டாக எடுக்கிறார்கள். சீனாவின் ஹெமுடு என்ற இடத்தில் தோண்டியபோது, இந்தப் பாலில் சிவப்பு கலந்து பூசிய மரக்கிண்ணம் ஒன்று கிடைத்தது. வயது சுமார் 7,000 ஆண்டுகள்.

உருஷிப் பாலில் உருஷியால் என்ற பொருளும் லாக்கேஸ் என்ற நொதியும் இருக்கின்றன. ஜப்பானிய வேதியியலாளர் யோஷிதா இந்த நொதியின் வேலையை 1883இல் கண்டு சொன்னார். ஈரமும் இதமான சூடும் இருந்தால் லாக்கேஸ் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு உருஷியால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்கும். அதனால் பூசிய கிண்ணத்தை வெயிலில் வைக்காமல், ஈரப்படுத்திய மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். உள்ளே 20 முதல் 30 டிகிரி வெப்பம், 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம். இங்கே நடப்பது உண்மையான வேதிவினை. ஆகவே ஒருமுறை இறுகிவிட்டால் எந்தத் தின்னராலும் அதைத் திரும்பக் கரைக்க முடியாது. கொதிக்கிற சூப்பையும் தாங்கும். நீண்ட நாள் வெயில்தான் அதற்கு எதிரி.

உருஷியால் தோலில் பட்டால் அரித்துக் கொப்பளிக்கும். நமக்கு இது புதிதில்லை. மாங்காயைப் பறித்ததும் காம்பிலிருந்து வடியும் பால் உதட்டில் பட்டு வெந்திருக்கிறதா? பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கையைப் பதம் பார்க்கும் கொட்டை எண்ணெயும் அந்த வகைதான். மாமரமும் முந்திரியும் உருஷி மரமும் ஒரே தாவரக் குடும்பம். முந்திரிக்கொட்டை எண்ணெயிலிருந்தும் பூச்சு தயாரிக்கிறார்கள்.

ஜப்பானில் வாஜிமா என்ற ஊர் உருஷிக் கிண்ணங்களுக்குப் பேர்போனது. அங்கே வேலை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? பளபளக்கும் கறுப்பையோ சிவப்பையோ முதலில் தொடவே மாட்டார்கள். பதப்படுத்தாத உருஷியை மரத்துக்குள் ஊறும்படி தேய்த்து இறுகவிடுவார்கள். உடையக்கூடிய விளிம்பிலும் அடியிலும் துணியை உருஷியாலேயே ஒட்டுவார்கள். சுட்டுப் பொடியாக்கிய ஒரு மண்ணை உருஷியில் குழைத்துப் பூசித் தேய்ப்பார்கள். மேல்பூச்சு இதற்கெல்லாம் பிறகுதான் வரும். மரத்தின் துளையை அடைத்த உருஷி சீலரின் வேலையைச் செய்கிறது, மேலே நிற்கும் உருஷி லேக்கரின் வேலையைச் செய்கிறது. பொருள் ஒன்றேதான். நம் ஊரிலும், கையில் சீலர் இல்லாதபோது லேக்கரிலேயே தின்னரைக் கூட்டி நீர்க்கவைத்து முதல் கோட் அடித்துவிடுவார்கள். அதுவும் துளையை அடைக்கும், தேய்க்கத்தான் சிரமம்.

இந்தியாவின் சொந்தப் பூச்சு அரக்கு. இதைத் தருவது மரம் இல்லை, ஒரு பூச்சி. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் இந்தப் பூச்சிகள், தங்களைச் சுற்றிப் பிசினைச் சுரந்து மூடிக்கொள்கின்றன. அந்தப் பிசின் மூடிய குச்சிக்குக் கொம்பரக்கு என்று பெயர். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் அதிகம் எடுக்கிறார்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் அரக்கு ஆராய்ச்சிக்காகவே 1924இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். சுத்தம் செய்த அரக்கு தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். முடிச்சு உள்ள பலகையில் முடிச்சிலிருந்து பிசின் கசிந்து பெயின்ட்டைக் கெடுக்காமல் இருக்க, அரக்கைக் கரைத்து அந்த இடத்தில் தடவி அடைப்பார்கள். அதே கரைசலைத் துணிப்பந்தில் தொட்டு நூறு முறை தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றினால் பிரெஞ்சு பாலிஷ்.

தின்னரும் ஸ்பிரிட்டும் இல்லாமலே அரக்குப் பூசுகிற வழியும் உண்டு. கர்நாடகத்தில் சென்னபட்டணா, நம் திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்களில் மரச்சொப்புச் சாமான்கள் செய்கிறார்கள். கடைசல் இயந்திரத்தில் மரத்துண்டைச் சுழலவிட்டு, உளியால் வடிவம் கொடுத்து, சுழலும்போதே வண்ண அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். சுமார் 75 டிகிரி சூடு போதும். சென்னபட்டணாவில் பிறகு காய்ந்த தாழை ஓலையை அழுத்திப் பிடிப்பார்கள். அரக்கு பரவிச் சீராகி, கண்ணெதிரே மின்ன ஆரம்பிக்கும். இளகிய அரக்கு துளைக்குள்ளும் புகுகிறது, மேலேயும் படிகிறது. உள்வேலையும் மேல்வேலையும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. இந்தக் கலையைச் செய்கிறவர்களைக் கண்டால் நின்று பாருங்கள். அதைவிட நல்ல அறிவியல் வகுப்பு கிடைக்காது.

மேலே தகடு போடுவதே கூடாத இடங்களும் இருக்கின்றன. செங்கல் சுவர், கல் தளம், மொட்டைமாடி இவற்றுக்கு அடியிலிருந்தும் ஈரம் ஏறும். அங்கே லேக்கர் மாதிரியான தகடு போட்டால், வெளியேற வழியில்லாத ஈரம் தகட்டை உப்பவைத்து உரித்துவிடும். இதற்குச் சிலேன், சிலாக்சேன் என்ற வகைச் சீலர்கள் இருக்கின்றன. அவை துளையை அடைப்பதில்லை. துளையின் உட்சுவரில் மட்டும் ஒட்டிக்கொண்டு அதைத் தண்ணீர் பிடிக்காததாக மாற்றிவிடுகின்றன. மழைத்துளி உள்ளே நுழையாது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே போகும். பார்த்தால் எதுவும் பூசியதாகவே தெரியாது. சமையலறைப் பளிங்கு மேடையில் மஞ்சள் கறை இறங்காமல் இருக்கவும் இந்த மாதிரிச் சீலரைத்தான் தடவுகிறார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தின்னரும் லேக்கரும் சட்டென்று தீப்பிடிப்பவை. அவற்றின் ஆவியை முகர்வது மூளைக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். வீட்டில் பாலிஷ் வேலை நடந்தால் சன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், அடுப்பைப் பற்றவைக்க விடாதீர்கள், நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். பூசுகிற அண்ணன் முகக்கவசம் போடவில்லை என்றால் அவருக்கு ஒன்று வாங்கித் தரும்படி அப்பா அம்மாவிடம் கேளுங்கள்.

தண்ணீர்ச் சொட்டுச் சோதனையை மட்டும் நீங்களே செய்யலாம். இன்னும் ஒரு சோதனையும் இருக்கிறது. மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுக்கிறதா? கதவின் இரண்டு முகத்திலும் நன்றாகப் பாலிஷ் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் பலர் பூசாமலே விட்டுவிடுவார்கள். கதவின் இரு பக்கச் சட்டங்களிலும் குழாய்கள் மேலிருந்து கீழாக ஓடுவதால், அவற்றின் திறந்த வாய்கள் இருப்பது அந்த விளிம்புகளில்தான். ஈரக் காற்றும், வாசல் கழுவும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் அதிகம் ஏறுகின்றன. ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, கதவின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று வெறும் மரமாக இருந்தால், அடுத்த கோடையில் கதவு நன்றாகக் காய்ந்திருக்கும்போது, மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் இரண்டு கோட் சீலரும் ஒரு கோட் லேக்கரும் அடிக்கச் சொல்லுங்கள்.